அடிப்பக்கம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பகல் முழுக்க இடக்கொச்சி ஒர்க்‌ஷாப்பில் நிஜ வண்டிகளுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் பொம்மை வண்டிக்குப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்துவிடுவார். பெயர் பாண்டித்துரை. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் 'பொம்மை பாண்டி' என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான்.

பொம்மை என்று சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும் அவருக்கு. ரெசின் கிட் என்று சொல்ல வேண்டுமாம். ஏதோ பிசினை அச்சில் ஊற்றி இறுகவைத்து, பாகம் பாகமாக அனுப்புவார்கள். நாம் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசிக்கொள்ள வேண்டும். எல்லாம் போனில் படம் பார்த்து வாங்குவதுதான். படத்தில் இருப்பது ஒன்று, பெட்டியில் வருவது வேறொன்று. முன்பு ஒரு ஜீப் வந்தது, நாலு சக்கரமும் கோழிமுட்டை. பிறகு ஒரு லாரி வந்தது, அதற்குக் கதவே கிடையாது. இத்தனை பட்டும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை.

இந்த முறை வாங்கியது மகாவுக்காக. எங்கள் மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கு, முன்னால் மூக்கு நீண்ட பழைய காலத்து பஸ் ஒன்று. ஊர்ப் பெயர் எழுதுகிற பலகையில் அவள் பெயரை எழுதித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். மலையாளத்தில் எழுதினால்தான் சட்டென்று படிப்பாள், தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. திறந்ததும் ஒரு நாற்றம் அடித்தது பாருங்கள், எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸின் உடம்பு பொரித்த பப்படம் மாதிரி வளைந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. கடைக்காரனுக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டார். ரெசின் என்றால் கொஞ்சம் வளைந்துதான் வரும், வெந்நீரில் போட்டு நிமிர்த்திக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

இவர் என்னைக் கேட்காமலே என் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து அதில் பஸ்ஸை வேகவைத்தார். வாயில் வந்தபடி திட்டினேன். அந்தப் பாத்திரத்தை அதோடு ஒதுக்கி, கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டேன். பஸ் என்னவோ நிமிர்ந்துவிட்டது. அப்பனும் மகளும் அதற்குச் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் கோபம் போய்விட்டது.

பிறகு அவர் பஸ்ஸைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவினார். நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"அடி மட்டும் ரொம்ப வழவழன்னு இருக்கே செல்வி. உன் குத்தூசியக் குடு."

நான் சுக்கு, மிளகு குடோனில் வேலை செய்கிறேன். குத்தூசி இல்லாமல் எங்களுக்கு வேலை இல்லை. மூட்டையின் வாயில் எப்போதும் நல்ல சரக்குதான் இருக்கும், களவெல்லாம் நடுவயிற்றில். கூரான அந்த இரும்புக் குழலை நடுவில் இறக்கி உருவினால் உள்ளே இருப்பது தானாகக் கைக்கு வந்துவிடும். பஸ்ஸின் அடியில் அவர் லேசாகத்தான் அழுத்தினார், குழல் பொசுக்கென்று உள்ளே போனது. சாம்பல் நிறப் பெயின்டுக்கு அடியில் வெறும் மாவு. வார்க்கும்போது காற்றடைத்துப் பொத்தலாகிப் போன அடித்தட்டை, பட்டி வைத்து மூடிப் பூசி அனுப்பியிருக்கிறார்கள்.

"என்ன நெஞ்சழுத்தம் இவனுக்கு" என்று கத்த ஆரம்பித்தார். "பொத்தல்னு தெரிஞ்சே பூசியிருக்கான். அடிப்பக்கந்தானே, எவன் குனிஞ்சு பாக்கப் போறான்னு நினைச்சிருக்கான். இவனெல்லாம் சோறுதான் திங்கிறானா?"

அவர் கத்துகிற நேரத்தில் மகா பஸ்ஸை எடுத்து, என் பையில் ஒட்டிக்கொண்டு வந்த மிளகுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக உள்ளே போட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளாம். தூக்கியதும் அடியில் இருந்த ஓட்டை வழியாக அத்தனையும் பொலபொலவென்று தரையில் கொட்டின.

"அம்மா, குட்டிகள் எல்லாம் தாழ வீணுபோச்சு" என்றாள். பிள்ளைகளெல்லாம் கீழே விழுந்துவிட்டார்களாம்.

கத்திக்கொண்டிருந்தவர் கொட்டிய மிளகையே பார்த்தார். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். சாயா கொண்டுவந்து வைத்தேன், ஆறிப்போய் ஆடை கட்டியது. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை மகாவை ஏற்ற நாணுச்சேட்டனின் மஞ்சள் வேன் வந்தது. சொந்த வண்டி, அவரே ஓட்டுகிறார். வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்ததும் மகாவிடம் கேட்டார்.

"மகா, நீ எங்க உக்காருவ?"

"பேக் சீட்டுல. ஜன்னல் பக்கம்."

"இனிமே முன்னாடி உக்காரு. டிரைவர் மாமாவுக்குப் பின்னாடி."

எதற்கு என்று அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். பின்னால் குலுக்கும் என்றார். குலுக்கினால்தானே அவளுக்குப் பிடிக்கும் என்றேன். பஸ் பிடிக்க நடந்துவிட்டார். அதன்பிறகு பிறந்தநாள் பஸ்ஸை அவர் தொடவேயில்லை. அலமாரிமேல் அது ஓட்டையோடு கிடந்தது. தினமும் சாயந்திரம் வந்ததும் முதல் கேள்வி, மகா வந்துட்டாளா. முன்சீட்டிலா உட்கார்ந்தாள் என்பது அடுத்தது.

சனிக்கிழமை மகா நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே சொன்னாள், "என் சீட்டு இப்ப ஷபானாவுக்குக் கிட்டிப்போச்சு. அவ எனக்கு மிட்டாயி தந்தா."

ஷபானா எங்கள் கீழ்வீட்டுப் பெண். மகாவை விடச் சின்னவள், முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை நீட்டிக்கொண்டே திரிவாள். என் வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். ஏதோ இருக்கிறது என்று அவர் முகமே சொன்னது. மகாவைக் கீழே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"சொல்லுங்க. அந்த வண்டில என்ன இருக்கு?"

"மே மாசம், ஸ்கூல் தொறக்கிறதுக்கு முன்னாடி ஸ்கூல் வேனுக்கெல்லாம் ஃபிட்னஸ் டெஸ்ட் உண்டுல்ல. அதுக்கு நாணு வண்டி எங்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்துச்சு. பின்சீட்டுக்குக் கீழ தகடே இல்ல செல்வி, துருவாக் கொட்டிக்கிட்டு கெடந்துச்சு. வெட்டிட்டுப் புதுத் தகடு வெல்டு வைக்கணும்னு சொன்னேன். நேரமில்லன்னுட்டாரு ஆசான். ஃபைபர் விரிச்சு, பட்டி போட்டு, மேல கறுப்பு அடிச்சேன். சீட்டு போல்ட்டெல்லாம் அந்தப் பட்டியிலதான் நிக்குது. இந்த பஸ்ஸப் பாக்குற வரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்ல."

ஆசான் என்றால் ஒர்க்‌ஷாப் முதலாளி பிச்சைமணி.

"நம்ம பிள்ள போற வண்டி அது."

"அப்ப அவள வேன்ல சேக்கலையே. ஆட்டோவுலதானே போய்க்கிட்டு இருந்தா."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பொம்மை பஸ்ஸை எடுத்து அவர் மடியில் எறிந்தேன்.

"இத அனுப்புனவன் சோறுதான் திங்கிறானான்னு கேட்டீங்க. நீங்க என்ன திங்கிறீங்க?"

அவர் அழுதார். ஆசானிடம் பேசி வண்டியைத் திரும்ப வரவழைக்கிறேன், நாணுவிடம் இப்போது சொன்னால் ஒர்க்‌ஷாப் பெயர் கெட்டு வேலை போய்விடும், கொஞ்சம் பொறு என்றார். நானும் பொறுத்தேன். என் பிள்ளை முன்சீட்டில்தான் இருக்கிறாள் என்று மனசுக்குள் ஒரு மூலை நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த மூலையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை சாயந்திரம் பதிலோடு வந்தார். ஓண லீவில் கொண்டுவரச் சொல், பார்க்கலாம் என்றாராம் ஆசான். ஓணத்துக்கு இன்னும் எத்தனையோ மழை இருக்கிறது. பள்ளிக்கூட வேன் சுள்ளிக்கல் போகிற வழியெல்லாம் குழியில் தண்ணீர் நிற்கிறது, எது குழி எது ரோடு என்று தெரியாது. ஒரு குழியில் பின்சக்கரம் இறங்கினால் போதும்.

மறுநாள் காலை வேன் வந்தபோது ஷபானா ஏற்கெனவே வாசலில் நின்றாள். மகா முன்னால் ஏறினாள். ஷபானா குனிந்து பின்னால் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். என் கால் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. குடோன் பையிலிருந்து குத்தூசியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன்.

"எந்தா சேச்சி, சமயம் போயி" என்று அவசரப்படுத்தினார் நாணுச்சேட்டன்.

"ஒரு நிமிஷம் சேட்டா. ஷபானா, எந்திரிச்சு அக்கா பக்கத்துல போ."

பின்சீட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். கறுப்புப் பெயின்ட் புதுசாகப் பளபளத்தது. என் வீட்டுக்காரர் கை சுத்தமான கை, ஒரு பிசிறு இருக்காது. சீட்டுக் காலுக்குப் பக்கத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினேன். மூட்டையில் இறங்குகிற மாதிரி பிடி வரைக்கும் இறங்கியது. உருவியபோது குழலில் துருவும் பட்டியும் வந்தன. ஓட்டை வழியாகக் கீழே ரோட்டில் ஓடுகிற மழைத்தண்ணீர் தெரிந்தது. சீட்டின் காலைப் பிடித்து ஒருதரம் ஆட்டினேன். போல்ட் பெயர்ந்து, பட்டியோடு கையில் வந்துவிட்டது.

நாணுச்சேட்டன் ஓடிவந்து பார்த்தார். பார்த்தவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "பணி ஒக்க நல்லா முடிஞ்சதுன்னு அல்லே ஆசான் பறஞ்சது" என்று, வேலையெல்லாம் நன்றாக முடிந்ததாக ஆசான் சொன்ன பேச்சையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இறக்கினேன். மழையில் எங்கள் வீட்டுச் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார், கீழே இறங்கவில்லை.

போல்ட்டைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். வேலை இன்றைக்கே போய்விடும் என்று எனக்குத் தெரியும், போகட்டும். ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி என் வாயில் வந்தது.

"மே மாசம் இந்த ஒரு வண்டிக்கு மட்டுந்தான் இப்படிச் செஞ்சீங்களா?"

அவர் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்து முனையில் ஹார்ன் அடித்தது. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற எங்களை விலகச் சொல்லி இன்னொரு மஞ்சள் வேன் நின்றிருந்தது, உள்ளே நிறையப் பிள்ளைகள். அதன் நம்பர் பலகையைப் பார்த்த என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் இன்னொரு வேனும் ஹார்ன் அடித்தது.