அக்கா நாடும் மருந்து நாடும்

மாமா கைபேசியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். திரையில் லிஃப்டை இயக்கும் மின் பேனல் பெட்டி கூரையிலிருந்து தொங்குவதுபோலத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. பாதி முகம் மழித்திருக்க, மீதிப் பாதியில் நுரை காய்ந்துகொண்டிருக்க, நான் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அக்கா கணவருக்கு வேலை பார்த்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நேரா பிடிங்க மாமா. என்ன பிரச்சினை?"

"தரைக்குச் சமமா நிக்க மாட்டேங்குது மாப்ள. ரெண்டு விரல் மேல போய் நிக்குது. பழைய மாடல். நம்ம ஊர்ல நீ பாப்பியே, அதே மாதிரி."

"பிரேக் கட்டை தேஞ்சிருக்கான்னு பாத்தீங்களா?"

"எந்தக் கட்டை?"

லிஃப்ட் பழுது பார்ப்பதில் பதினோரு வருட அனுபவம் என்று எழுதிக் கொடுத்து ஒரு நாட்டுக்குள் நுழைந்த மனிதர் கேட்கிற கேள்வி இது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மெயினை அணைக்கச் சொன்னேன். கீழ்த்தளத்திலேயே இருந்த மோட்டார் பக்கம் கேமராவைத் திருப்பச் சொன்னேன். இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே அளவில் இறுகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். ஆறு வருடமாக இப்படித்தான். தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த லிஃப்டில் ஏறப்போவது மாமா இல்லையே. பால் வாங்கப் போகிற யாரோ ஒரு அம்மாள். அவள் எனக்கு என்ன செய்தாள்?

வேலை முடிந்ததும் மாமா மெதுவாக ஆரம்பித்தார். "அப்புறம் மாப்ள, உனக்கு ரெண்டு நாட்டுலருந்தும் பேப்பர் வந்திருச்சாமே. அக்கா சொன்னா."

"ஆமா மாமா. உங்க நாடு ஒண்ணு. என் வீட்டுக்காரிக்கு வந்தது ஒண்ணு."

"யோசிக்கவே யோசிக்காத. தங்கச்சிக்கு வந்த நாட்டுக்கே போயிடு. இங்க மனுஷன் இருப்பானா? குளிரு எலும்பு வரைக்கும் போகுது. அங்க பாரு, வருஷம் பூரா வெயிலு. மரியாதையான ஜனங்க."

ஆறு வருடத்தில் அவர் அந்த நாட்டைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏரியைப் பின்னால் வைத்துக்கொண்டு படம் அனுப்புவார், பனியில் கார் நிற்கிற படம் அனுப்புவார். இன்றைக்கு திடீரென்று குளிர் எலும்புக்குப் போய்விட்டது. இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. அரை முகத்து நுரையோடு நான் சிரித்தேன்.

மாமாவும் நானும் ஒரே கம்பெனியில் இருந்தோம். அவர் சீனியர், நான் ஜூனியர். அவருக்கு உயரம் ஆகாது. மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறும் இரும்பு ஏணியைப் பார்த்தாலே வியர்த்துவிடும். காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து சர்வீஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வார். நான் மேலே ஏறி, எண்ணெயிலும் தூசியிலும் புரண்டு, வேலையை முடித்து இறங்கிவந்து என்ன செய்தேன் என்று சொல்வேன். அவர் எழுதி, கையெழுத்துப் போடுவார். புத்தகத்தில் சீனியருக்கு மட்டும்தான் கையெழுத்துக் கட்டம் உண்டு. கம்பெனியில் அவருக்கு வைத்த பெயரே 'கையெழுத்து'தான். "கையெழுத்து வந்தாச்சா?" என்று கேட்டால் அவரைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அக்காவின் புருஷன் என்பதால் நான் மட்டும் சிரிக்கமாட்டேன்.

அந்தப் புத்தகங்களின் நகலைக் கட்டாகக் கட்டித்தான் அவர் அக்காவையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். அதற்குக்கூட எனக்கு வயிறு எரியவில்லை, சத்தியமாக. அக்கா நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். "போனதும் உன்னைக் கூப்பிட்டுக்கிறேன் மாப்ள," என்று தோளைத் தட்டினார். ஒரு வருடம் கழித்து நானே விண்ணப்பம் போட்டேன். அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகம் என் பழைய சீனியருக்குக் கடிதம் எழுதி, இவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டது. மாமா பதில் எழுதினார். நிராகரித்து வந்த கடிதத்தில் அந்தப் பதிலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்: 'இவர் கருவிப்பெட்டி தூக்கும் உதவியாளர். பழுது பார்க்கும் அனுபவம் இல்லை.'

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் கேட்கவில்லை. கேட்டால் பூசி மெழுகிவிடுவார், சண்டை ஒரு நாளில் தீர்ந்துபோகும். தீர்வதில் எனக்கு இஷ்டமில்லை. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே, அவர் கூப்பிட்டால் எடுத்து, ஸ்பிரிங்கும் ரிலேயும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மேலே வேலை முடிந்ததும் பேனல் கதவின் உட்பக்கத்தில் மார்க்கரால் தேதியும் செய்த வேலையும் எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. அடுத்து வருகிறவனுக்கு உபயோகமாகட்டும் என்று எழுதுவது. கீழே உட்கார்ந்திருந்த கையெழுத்துக்கு அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. எல்லாம் என் எழுத்து. விடுமுறை நாட்களில் ஒவ்வொரு கட்டடமாகப் போய், மேலாளரிடம் கெஞ்சி, மெஷின் ரூமைத் திறந்து, கதவு கதவாகப் படம் எடுத்தேன். சில இடங்களில் பெயின்ட் அடித்து அழித்திருந்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரே கதவில் ஒன்பது வருடத் தேதிகள் இருந்தன. நாலு வருடம் ஆயிற்று. படங்களை அடுக்கி மறுபடி விண்ணப்பித்தேன். போன மாதம் அழைப்புக் கடிதம் வந்தது.

அதே வாரம் என் மனைவிக்கும் வந்தது. அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். இன்னொரு நாட்டில் மருந்தாளுநர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தேர்வுக்காக இரண்டு வருடம் படித்தாள். இரண்டாவது தடவையில் தேறினாள். அதில் அவள்தான் விண்ணப்பதாரர், நான் கூடப் போகிறவன். வீட்டில் நாங்கள் அந்த நாடுகளின் பெயரைச் சொல்வதில்லை. ஒன்று அக்கா நாடு, இன்னொன்று மருந்து நாடு. இரண்டு கடிதத்துக்கும் அறுபது நாள் கெடு. "உனக்கு எங்க கிடைக்குதோ அங்க போவோம்" என்று அவள் முதல் தடவை தோற்று அழுதபோது நான் சொல்லியிருந்தேன். சொன்னேன்தான். இல்லையென்று சொல்லவில்லை.

அக்கா நாட்டில் அவள் படிப்பு செல்லாது. மூன்று வருடம் மறுபடி படித்து, பயிற்சி எடுத்து, பிறகுதான் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்க முடியும். அதுவரை அலமாரியில் டப்பா அடுக்கலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீதி முகத்தை மழித்துவிட்டு வந்து அவளிடம் சொன்னேன். "அக்கா நாட்டுக்கே போயிடலாம்னு பாக்கறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "மாமா வர வேண்டாம்னு சொன்னாரா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். ஒளித்து வைக்க இடமே கிடையாது.

"சொன்னார்."

"அங்க போய் என்ன பண்ணுவீங்க? புகார் குடுப்பீங்களா? உங்க அக்காவும் அந்தப் புள்ளைங்களும் என்ன ஆவாங்க?"

"புகாரெல்லாம் இல்ல. அவர் கம்பெனியிலயே சேருவேன். அவர் பக்கத்துலயே நிப்பேன். என்னைக்குச் சொல்லப் போறானோ, யார்கிட்ட சொல்லப் போறானோன்னு அந்த ஆளு தினமும் பயந்து சாகணும். அது போதும் எனக்கு."

சொல்லும்போதே நாக்கில் இனித்தது. அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் ரெண்டு வருஷம் விடியக்காலையில எந்திரிச்சுப் படிச்சது, உங்க மாமா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு உக்காந்து பாக்கறதுக்கா?"

"மூணு வருஷம்தான. அப்புறம் நீயும் வேலைக்குப் போகப் போற."

"மூணு வருஷம்தான," என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவளோ மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் படிவத்தை நிரப்பினேன். துணைவர் கையெழுத்துப் போடும் இடம் ஒன்று இருந்தது. பேனாவோடு அவளிடம் நீட்டினேன். தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று நான் நிரப்பியிருந்ததைப் பார்த்தாள். அந்த நாட்டுக் கணக்குப்படி அப்படித்தான் போட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். "புரியுது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அத்தனை சுலபமாக முடிந்ததில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். மாமாவும் பக்கத்தில் வரட்டும் என்று சொல்லிக் காத்திருந்தேன். சோபாவில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். "அக்கா, உங்க நாட்டுக்கே வரேன். போட்டாச்சு," என்றேன். அக்கா கைதட்டினாள், உடனே அழுதாள். "என் தம்பி வரான்டி," என்று உள்ளே இருந்த பெண்களிடம் கூவினாள். மாமா சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

"எங்க தங்குவ மாப்ள? இங்க வீடு கிடைக்கிறது..."

"உங்க தெருவுலயே ஒண்ணு காலியா இருக்காம் மாமா. ஒருவேளை வந்தா இருக்கட்டும்னு அக்கா முன்னாடியே பாத்து வச்சிருக்கா."

"வேலை?"

"உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களே. மறுபடி ஒண்ணா ஏணி ஏறலாம். பழைய பேனல் கதவையெல்லாம் படம் எடுத்து வச்சிருக்கேன், வரும்போது கொண்டுவரேன். உங்க ஆபீஸ்ல காட்டினா சந்தோஷப்படுவாங்க இல்ல?"

மாமா முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் கை வைத்துத் தேய்த்துக்கொண்டார். அக்கா, "என்னங்க, பேசுங்க," என்று முழங்கையால் இடித்தாள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். ஐந்து வருடம் காத்திருந்தது அந்த ஒரு தம்ளர் தண்ணீருக்குத்தான். ஆனந்தமாக இருந்தது. சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும் ஆனந்தம்தான். அந்த முகத்தை என் மனைவியும் பார்க்க வேண்டுமே என்று திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. அன்றைக்கு அவளுக்கு டூட்டி இல்லை என்று நினைத்திருந்தேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தகத்தில் ஒரே கவுன்ட்டர்தான் திறந்திருந்தது. வரிசை வாசல் வரை நின்றது. வெள்ளைக் கோட்டில் அவள். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தேன். பார்த்தாள். வெளியே வருவாள் என்று நின்றேன். அவள் வரிசையின் கடைசியைக் கண்ணால் காட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவரிடமும் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எந்த மாத்திரை பின் என்று நிதானமாகச் சொன்னாள். ஒரு பெரியவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டர் எழுதியதில் ஒரு மருந்தின் அளவு சரியில்லை என்று ஃபோன் போட்டு, அவரிடமே சண்டை பிடித்து, திருத்தி வாங்கினாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் வேலை செய்வதை நான் இத்தனை நேரம் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. "உன்கிட்டச் சொல்லணும்னு ஓடிவந்தேன். மாமா மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ."

"மெதுவாப் பேசுங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க," என்றாள். மற்றவர்களிடம் பேசிய அதே குரல். "மருந்து நாட்டுக்கு நான் பதில் அனுப்பிட்டேன். வரேன்னு."

"என்ன சொல்ற? அன்னைக்குக் கையெழுத்துப் போட்டியே."

"உங்க படிவத்துல போட்டேன். அது உங்களுது. என்னுதுல நான் போட்டேன்." மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டியை ஓரமாக நகர்த்தினாள். "அதுல கூட வர்றவங்க யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. இன்னும் நிரப்பல. பன்னெண்டு நாள் டைம் குடுத்திருக்காங்க."

"என் பேரப் போட வேண்டியதுதான?"

அவள் என் முகத்தையே பார்த்தாள், அவசரமில்லாமல். நெற்றியிலிருந்து தாடை வரை, எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. என் கை தானாகக் கழுத்துக்குப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அடுத்து யாருங்க?" என்றாள்.

என் தோளுக்கு மேலாக ஒரு கை மருந்துச் சீட்டை நீட்டியது. அவள் அதை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.