ஆறாம் சுருளுக்கு வெற்றிப்பாட்டு இல்லை

நூறு வருஷத்துக்கு முந்திய ஊமைப்படம். கௌபாய்ப் படம். எட்டுச் சுருளில் ஏழு தொலைந்துபோய், ஆறாவது மட்டும் யாரோ ஒருவருடைய நிலவறையில் தப்பிக் கிடந்ததாம். அதை, நான் புலம்பெயர்ந்து வாழும் செயின்ட்-மிஷேலில், ஒரு சின்ன மண்டபத்தில் பழைய படச் சங்கத்தார் காட்டப்போகிறார்கள். கூடவே பியானோ வாசிக்க என்னைக் கேட்டார்கள். முப்பது வருஷம் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு ஓர்கன் வாசித்தவள் நான். மேடையில் தனியாக வாசிக்க இப்போதுதான் வாய்த்தது. நன்றாகப் போனால் வருஷம் முழுக்க அவர்களுடைய ஊமைப்படங்களுக்கெல்லாம் நான்தான். துள்ளிக் குதிக்காத குறை.

ஒத்திகையில் படத்தைப் பார்த்தேன். குடியேற வந்தவர்கள் வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். பட்டாளம் பழங்குடிகளின் கூடாரங்களுக்குத் தீ வைக்கிறது. கொடி ஏறுகிறது. தீ வைக்கிற இடத்துக்கு, படத்தோடு கிடைத்த இசைத்தாளில் 'வெற்றிப்பாட்டு, உற்சாகமாக' என்று போட்டிருந்தது. எரிகிற கூடாரத்துக்குள் ஒருத்தி திரும்ப ஓடி, ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். வந்தவள் நின்று நேரே எங்களைப் பார்க்கிறாள். ஊரில், சண்டைக் காலத்தில் எங்கள் வீடு எரிந்தபோது அம்மாவும் இப்படித்தான் சோற்றுப்பானையோடு ஓடிவந்தா.

"இதுக்கு நான் வெற்றிப்பாட்டு வாசிக்கமாட்டன்" என்றேன், சங்கத்துக்காக நிகழ்ச்சியை நடத்தும் தமிழ்ப் பையன் ஜெறோமிடம்.

"மாக்கிரட் அக்கா, இது வெறும் படம். தாளில இருக்கிறபடிதான் வேணுமெண்டு சங்கத்து ஆக்கள் நிக்கினம். பேந்து உங்களைக் கூப்பிடமாட்டினம்."

"வீடு எரியேக்க கொண்டாட எனக்கு ஏலாது."

அவன் சிரித்தான். கடைசியில் வாசித்துவிடுவேன் என்று நினைத்திருப்பான்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. வண்டிகளுக்கு வாசித்தேன். குதிரைகளுக்கு விரல் நோக வாசித்தேன். முதல் தீப்பந்தம் கூடாரத்தைத் தொட்டதும் பியானோவை மூடினேன். பெரிய வெள்ளியன்று, ஆண்டவர் மரித்த நாளென்று, கோயிலில் ஓர்கன் வாசிப்பதில்லை. மூடிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அப்படியே இருந்தேன்.

பின்னால் முணுமுணுப்பு. ஜெறோம் குனிந்தபடி ஓடிவந்தான்.

"அக்கா, வாசியுங்கோ! எல்லாரும் பாக்கினம்!"

"ஓம், பாக்கட்டும். அதுக்குத்தான் மூடினனான்."

திரையில் அவள் பானையோடு வெளியே வந்தாள். நின்று பார்த்தாள். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கொடி ஏறியபோது ஒருவரும் கை தட்டவில்லை.

எல்லாரும் போனபிறகு ஜெறோம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"இனி உங்களைக் கூப்பிடமாட்டினம், அக்கா."

"கூப்பிடாட்டிப் போகட்டும். அந்தப் பாட்டை ஆரைக் கொண்டெண்டாலும் வாசிப்பி. இண்டைக்கு வந்த சனத்துக்கு இனி அது வெற்றிப்பாட்டாக் கேக்காது."