மூன்றாவது திருப்பத்தில் தண்ணீர்

டிரைவர் இல்லாத மண் லாரிகள் சுரங்கத்துக்கு வந்த பிறகு, சீட்டில் ஆள் உட்கார்ந்து ஓட்டியது தண்ணி லாரி ஒன்றைத்தான். ஓட்டியவன் அவளுடைய அண்ணன். அவளுக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அவள் திரையில் அண்ணன் ஒரு நீலப் புள்ளி. வீட்டில் அவன் அவளை விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு வாரமாக மூன்றாவது திருப்பத்தில் மண் லாரிகள் சறுக்கின. சறுக்கினால் அவை தாமாகவே நின்றுவிடும். பின்னால் வருவதெல்லாம் வரிசைகட்டி நிற்கும். தூசி அடங்கத் தெளிக்கும் தண்ணீர் அங்கே மட்டும் குளமாகக் கிடந்தது.

"உங்க அண்ணன் வேலைதான்," என்றார் ஷிப்ட் அதிகாரி. "பழைய லாரி டிரைவர், வயித்தெரிச்சல் இருக்கும்ல. இன்னொரு தடவை நின்னா ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அவளுக்கும் அதே சந்தேகம்தான். போன மாதம் சாப்பிடும்போது அண்ணன் சொன்னது இன்னும் உறுத்தியது.

"நாங்க ஓட்டுறப்போ கண்ணு முழுக்கத் தூசி. தண்ணி அடிங்கன்னு கெஞ்சினோம். ஒருத்தன் காதுல போட்டுக்கல. இப்ப மெஷினுக்குக் கண்ணு மறைக்குதாம். மூணு வேளையும் ரோட்டைக் குளிப்பாட்டுறேன்."

அன்று மாலை அவன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். கேட்டுவிடலாம் என்று அவள் தொண்டையைச் செருமினாள். அவன் முந்திக்கொண்டான்.

"ஏன் விஞ்ஞானி, என் மேல என்ன கோவம் உனக்கு?"

"எனக்கா?"

"அந்தத் திருப்பத்துல ரூம்ல இருந்தே தண்ணியத் திறந்து விடுறது நீதானே? கூடப் பிறந்தவளாச்சேன்னு பேசாம இருக்கேன்."

"நீதான் வேணும்னே பண்றேன்னு நான் நெனச்சுட்டு இருக்கேன்."

உள்ளேயிருந்து அண்ணி கேட்டாள். "ரெண்டு பேரும் இல்லன்னா பேயா வந்து திறக்குது?"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தண்ணி லாரியில் ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது திருப்பம் வந்தது. அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவளுக்குத் தெரியும்படி மடியில் மலர்த்தி வைத்தான். பின்னால் தண்ணீர் சீறியது.

"இதையும் பாரு," என்று ஸ்டியரிங்கையும் விட்டான். அது பாட்டுக்குத் திரும்பியது.

அவள் போய்ச் சொன்னபோது ஷிப்ட் அதிகாரிக்கு ஆச்சரியமே இல்லை. "அந்த லாரியையும் டிரைவர் இல்லாம ஓட்டிப் பாக்குற சோதனை ஓடுது. அது பழகுற வரைக்கும் சீட்டுல யாராவது இருக்கணும்ல? இப்போதைக்கு ரிப்போர்ட்ல டிரைவர் தவறுன்னே போட்டு அனுப்பு."

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டைத் திறந்து தட்டினாள். 'தண்ணீர் தானாகத் திறந்தது. ஓட்டுநரின் கை படவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.' தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினாள்.

அதிகாரி அதைப் படித்தார். தன் நாற்காலியை அவள் திரை தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.