ஏழாம் தறியில் பேரிங் சத்தம்

பல்லடத்துக்குப் பக்கத்தில் சென்னகேசவனின் தறிக்கூடத்தில், ஏழாம் நம்பர் தறியின் மோட்டார் நான்கு வருடமாகக் கரண்ட் இல்லாமல் ஓடுகிறது. தறிக்காரர் ஆறுச்சாமி இறந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், மரியாதைக்காக எல்லாத் தறிகளையும் நிறுத்தினார்கள். இது மட்டும் நிற்கவில்லை. ஃபியூஸைப் பிடுங்கினார்கள், பெல்ட்டைக் கழற்றினார்கள், கடைசியில் ஒயரையே வெட்டினார்கள். மின்வாரியத்திலிருந்து வந்தவர், ஓடாத மீட்டர் மேல் நடவடிக்கை எடுக்க விதி இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். சென்னகேசவன் மெக்கானிக் ஷாநவாஸுக்குப் போன் போட்டார்.

ஷாநவாஸுக்கு அந்த மோட்டார் புதிதல்ல. ஆறுச்சாமி இறப்பதற்கு மூன்று மாதம் முன்புதான், அதில் கரகரவென்று சத்தம் வருகிறது என்று அவரே ஷாநவாஸைக் கூப்பிட்டிருந்தார். ஷாநவாஸ் முறைப்படி எல்லாம் பார்த்தார். மூன்று பேஸிலும் வோல்டேஜ் சரி, ஆம்பியர் சரி, காயிலில் கசிவு இல்லை. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடும் அளவோடுதான் இருந்தது. விசிறி மூடியில் பஞ்சு அடையவில்லை. வாரா வாரம் மோட்டார்களுக்குக் காற்றடித்துப் பஞ்சை ஊதிவிடச் சென்னகேசவன் தனியாக ஆள் வைத்திருந்தார். பிறகு ஷாநவாஸ் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பேரிங் போய்விட்டது என்றார். மாற்றினார், சத்தம் போகவில்லை. இன்னொன்று மாற்றினார், அதற்கும் போகவில்லை. ஆறுச்சாமி டீக்கடைக்குப் போனால் மட்டும், தறி அதே வேகத்தில் ஓடும்போதே, சத்தம் நின்றுவிடும். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று ஷாநவாஸ் நினைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்களுக்கு மட்டும் வரும் மடத்தனம் அது.

"ஏனுங்க பாய், மோட்டாரு என்னையாட்டமே மூச்சு வாங்குதுங்க" என்று ஆறுச்சாமி இருமிக்கொண்டே சொன்னார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கூடத்தின் பஞ்சைச் சுவாசித்தவர். ஷாநவாஸ் சிரித்துவிட்டு, இன்னும் பத்து வருடத்துக்குப் பயமில்லை என்று தைரியம் சொல்லிப் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் வந்த ஷாநவாஸ், வெட்டிய ஒயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினார். அதே கரகரப்பு. நடுவில் ஒரு இருமல், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு இருமல். அதே கூடத்தில் நூல் சுற்றும் ஆறுச்சாமியின் மனைவி செவ்வந்தி எதிரே நின்றிருந்தாள். ஷாநவாஸுக்கு அழுகை வந்துவிட்டது.

"பேரிங் மேல தப்பில்லீங்க அம்மணி. நாந்தான் தப்பாக் கேட்டுப்போட்டேன்" என்றார்.

செவ்வந்தி ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தானும் காதில் வைத்தாள். வருடக்கணக்காகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம், யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவருக்கு நோவுதுங்களா பாய்?"

இல்லை என்றார் ஷாநவாஸ். மோட்டார் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

அந்த மோட்டாரைக் கழற்றி விற்கும் பேச்சைச் சென்னகேசவன் ஒருமுறை எடுத்தார், செவ்வந்தி பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டார். தினமும் வேலை தொடங்குமுன் அவள் சின்ன பிரஷ்ஷால் விசிறி மூடியின் பஞ்சைத் துடைத்துவிடுகிறாள். உயிரோடு இருந்தபோது அவர் நெஞ்சைத் துடைத்துவிட வழி இல்லாமல் போனதே என்பது அவளுக்கு ஆறவில்லை. மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்கு இழுக்க எதுவும் இல்லை.

ஷாநவாஸ் இப்போதும் கோபி வரைக்கும் வேலைக்குப் போகிறார். போன வருடம் கிணத்துக்கடவில் ஒரு நார் மில்லில் மோட்டார் சத்தம் என்று கூப்பிட்டார்கள். அவர் மோட்டாரை விட்டுவிட்டு, அதை ஓட்டும் லட்சுமணசாமியின் நெஞ்சில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியை வைத்து, மழுங்கடித்த முனையைக் காதில் வைத்துக் கேட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். லட்சுமணசாமி இருமுகிறார், ஆனால் இருக்கிறார். அதிலிருந்து, ஷாநவாஸ் டூல்ஸ் பையோடு உள்ளே நுழைந்தால் எந்தக் கூடத்திலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.