வரைபடத்தில் அப்பா வீட்டில் இருந்தார்

சுபோதினி சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு படியேறி வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அப்பாவின் செருப்பைக் காணவில்லை.

குளியலறை, பல்கனி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் பார்த்துவிட்டுத் தன் ஃபோனை எடுத்தாள். வரைபடத்தில் அப்பாவைக் காட்டும் நீலப் புள்ளி வெள்ளவத்தை ஹம்டன் லேனில், அவர்களுடைய தொடர்மாடியின் மேலேயே நின்றது. போன உயிர் திரும்பி வந்தது. அப்பா கட்டடத்துக்குள்தான் எங்கேயோ நிற்கிறார்.

அப்பா சிவபாதசுந்தரத்துக்குப் போன வருடத்திலிருந்து ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. ஒருநாள் கடற்கரை ரயில் பாதையோரம் நின்றவரை யாரோ கூட்டிவந்து விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் கனடாவில் இருக்கும் அண்ணன் தனஞ்சயன், ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்பாவின் பையில் வைக்க ஒரு பொருளைக் கொடுத்தனுப்பினான். அவனுடைய மகன் பாட்டுக் கேட்டுக் கைவிட்ட பிளேயர் அது.

"ஃபோனும் இதுவும் ஒண்டுதான். அதே கண்ணாடி, அதே கமரா, உள்ளுக்கை இருக்கிற சிப்பும் அதுதான். சிம் மட்டும் போடேலாது. அப்பான்ர பொக்கற்றில போட்டுவிடு, எங்க நிண்டாலும் உன்ர ஃபோன் வரைபடத்தில தெரியும்" என்றான்.

சுபோதினியும் தன் ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இது கொஞ்சம் மெல்லிசு, பாரமும் குறைவு. மற்றபடி இரட்டைப் பிள்ளைகள் மாதிரித்தான் தெரிந்தது. அப்பாவுக்குப் பிடித்த தேவாரங்களைப் போட்டுக் கொடுத்தாள். கடவுச்சொல் அவருக்கு நினைவில் நிற்காது என்று அதையும் எடுத்துவிட்டாள். வீட்டுக்குள் வைத்துச் சோதித்தபோது புள்ளி சரியாக விழுந்தது. வெளியே கொண்டுபோய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பைறோஸா வந்தாள். இருவரும் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். இடையிடையே சுபோதினி பிளேயருக்கு வீடியோ கோல் எடுத்துப் பார்த்தாள்; அப்பா எடுக்கவில்லை. மொட்டை மாடியில் யாருமில்லை. மோட்டர் அறை பூட்டிக் கிடந்தது.

"புள்ளி இங்கதானே காட்டுது, வேற எங்க போற?" என்றாள் பைறோஸா.

அந்த வார்த்தைதான் சுபோதினியைக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனது. மூடி ஒரு பக்கம் விலகியிருந்தது. குனியப் பயமாக இருந்தது. பைறோஸா அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, கண்ணை இறுக மூடித் திறந்து பார்த்தாள். தண்ணீரும் அதில் அவளுடைய முகமும்தான் தெரிந்தன. தொட்டியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஃபோனை மறுபடி பார்த்தபோதுதான் புள்ளிக்குக் கீழே இருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது. கடைசியாகத் தெரிந்த நேரம் என்று போட்டிருந்தது. அது அவள் சந்தையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம். அதற்குப் பிறகு அந்தப் புள்ளிக்கு ஒன்றுமே தெரியாது.

அண்ணனை நித்திரையிலிருந்து எழுப்பினாள்.

"அதுக்குள்ள ஜீபீஎஸ் இருக்கோ அண்ணா?"

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இல்லையாம். வைஃபை இருந்தாத்தான் இடம் காட்டுமாம்."

"வெளியால கோல் எடுக்க?"

"ஏலாது."

"காதில வைச்சுக் கேக்கிற ஸ்பீக்கராவது இருக்கோ?"

"அதுவும் இல்லை. நான் வடிவாப் பாக்கேல்ல, சுபோ" என்றான்.

ஏச அவளுக்கு நேரமில்லை. பைறோஸாவை பஸ் ஓடும் காலி வீதிப் பக்கம் அனுப்பிவிட்டுத் தான் கடற்பக்கம் ஓடினாள். ரயில் கடவையில் கதவு போட்டிருந்தது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள். ரயில் ஊதிக்கொண்டு வந்து கடந்து போனது. கடைசிப் பெட்டி போன பிறகு வெறும் சல்லிக்கற்கள்தான் கிடந்தன. கோயிலில் இருப்பாரோ, பொலிசுக்குப் போவதோ என்று தவித்துக்கொண்டு நின்றபோது ஃபோன் அடித்தது. பிளேயரிலிருந்து வீடியோ கோல்.

திரையில் முன்பின் தெரியாத ஆணின் முகம்.

"தங்கச்சி, பயப்படாதீங்க. நான் சப்ரி, கொட்டாஞ்சேனையில பாமசி வெச்சீக்கிறேன். அங்கிள் இங்கதான் ஈக்கிறாரு, தேத்தண்ணி குடிக்கிறாரு."

கடவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் ஏறிய த்ரீவீல் புறக்கோட்டை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனது. அப்பா மறுபடியும் எழும்பி நடந்துவிடுவாரோ என்று வழி முழுக்கப் பதறினாள். போய்ச் சேர்ந்தபோது அவர் மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, வேலைக்குப் போனவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சப்ரி அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "முன்னுக்கு நிண்டு இதக் காதுல வெச்சிப் பேசிட்டே இருந்தாரு. கோல்ல ஈக்கிறாரு எண்டுதான் நான் நெனச்சேன். பொறவு பாத்தா, ஒரே பேச்சுத்தான் திரும்பத் திரும்ப. கையில வாங்கிப் பாத்தேன், சிக்னலே இல்ல. கட வைஃபையப் போட்டதும் நீங்க எடுத்த கோல் எல்லாம் ஒண்ணொண்ணா வந்து விழுந்திச்சு."

அவள் அப்பாவின் முன்னால் முழந்தாளிட்டு இருந்தாள்.

"உனக்கு எத்தினை தரம் ஃபோன் அடிச்சனான்" என்றார் அவர், கோபமாக. "நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் எண்டு எல்லாம் விளக்கமாச் சொன்னனான்."

"என்னப்பா சொன்னனீங்கள்?"

அவர் யோசித்தார். உதடு அசைந்தது. கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இப்ப நினைவில்லை, பிள்ளை."

சுபோதினி சப்ரியைப் பார்த்தாள். அவர் தயங்கினார். "முந்தி வேல செஞ்ச பழைய கந்தோரத் தேடி வந்தாராம். அந்த எடத்துல கட்டடமே இல்லயாம். வழி தெரியல்ல, வந்து கூட்டிட்டுப் போ எண்டுதான் சொல்லிட்டிருந்தாரு."

திரும்பும் வழியில் வெள்ளவத்தையில் இறங்கி, சிம் போடுகிற ஃபோன் ஒன்று வாங்கினாள். கடைக்காரரை நம்பாமல் அப்பாவையும் ஃபோனையும் வீதிக்குக் கொண்டுவந்து, அது அவருடைய சட்டைப் பையில் இருக்க, பக்கத்தில் நின்றே இலக்கத்தை அழுத்தினாள். பை அதிர்ந்தது. அப்பா திடுக்கிட்டு எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"நான்தான் அப்பா."

அவர் முகம் மலர்ந்தது. எதிரே போகிற பஸ்களைப் பார்த்தபடி, "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டார்.

அவள் அவருடைய மற்றக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஃபோனை வைக்க மனம் வரவில்லை.