'தட்டாதே, கிளாரன்ஸ்' பாட்டின் உடைந்த சுரம்

ஒஸெல்லா கிட்ரி பாடிய 'தட்டாதே, கிளாரன்ஸ்' பாட்டை அவளுக்குப் பிறகு பதினொரு பேர் இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள். பதினொரு பேரும் ஒரே குழியில்தான் விழுந்தார்கள். மூன்றாவது வரியின் உச்சத்தில் வரவேண்டிய சுரம் வராது, அங்கே 'ஹப்!' என்று ஒரு சத்தம் மட்டும். ஒஹாயோவின் ஸ்வெட்டர் போட்ட நான்கு பையன்கள், குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் கிளாரன்ஸை ஒழுக்கம் கருதி நாய்க்குட்டி ஆக்கினார்கள்; 'ஹப்'பை மட்டும் விடவில்லை. நாற்பது வயலின் வைத்த ஒருவர், அத்தனையையும் நிறுத்திவிட்டு, தாமே பக்தியோடு 'ஹப்' என்றார்.

அவளுடைய பாட்டுக்கு டிரம் வாசித்தவன் நான். இருபத்தொரு வருடமாக என் முடிதிருத்தும் கடையில் இதற்கு விளக்கம் சொல்லி வருகிறேன். "என் டிரம்முக்காக நான் கேட்டு வாங்கின இடம்" என்பேன். சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போது யாரும் மறுத்ததில்லை.

1976 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் நகரக் குழு அந்தப் பாட்டுக்குப் பித்தளைப் பலகை வைக்கத் தீர்மானித்தது. எழுதியவர் என்று யார் பெயரைப் பொறிப்பது? விசாரணை வைத்தார்கள்.

இசைத்தட்டின் லேபிளில் இருந்தது கர்னல் வென்டல் ஃபோக்கின் பெயர். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. வானொலியில் இசைத்தட்டு போட்டவர். அந்தக் காலத்தில் பாட்டு வானொலியில் வரவேண்டுமானால், போடுகிறவர் பெயரையும் எழுதியவர் பெயரோடு சேர்ப்பது வழக்கம். அடுத்தடுத்த பதிப்புகளில் ஒஸெல்லாவின் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது.

கர்னல் ஒரு பழுப்புக் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் பிரதி, தேதி 1954 மார்ச். 'ஹப்' வரும் இடத்தில் சுரம் இல்லாமல், அழகாக ஒரு வட்டம்.

"காதலியோட மூச்சு ஒரு கணம் நின்னுபோற இடம் அது. அந்த மௌனத்துக்காக மூணு நாள் சாப்பிடல நான்."

குழுத் தலைவி திருமதி ரஸ்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க என்ன சொல்றீங்க, மிஸ் கிட்ரி?"

"மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லீங்க. ரெக்கார்டு பண்ற அன்னிக்கு பியானோவுல அந்தக் கட்டை உடைஞ்சுபோச்சு. வேற வழியில்லாம வாயால 'ஹப்'னேன்."

கர்னல் சிரித்தார். "இவளோட டிரம்மரே, தான் கேட்டு வாங்கின இடம்னு ஊரெல்லாம் சொல்றான். என் டிரைவர் அவன்கிட்டதான் முடி வெட்டிக்கிறான். ஆளுக்கு ஒரு கதை. காகிதம் என்கிட்டதானே இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மடியில் ஒரு தொப்பிப் பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறதென்று ஒஸெல்லாவுக்குக்கூடத் தெரியாது. திறந்தால் என் புகழ் போயிற்று. திறக்காவிட்டால் அவள் பாட்டு போயிற்று.

"கடைசியா கேக்கிறேன், வேற சாட்சி உண்டா?" திருமதி ரஸ்க் பேனாவைத் திறந்தார்.

ஒஸெல்லா என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரைச் சரிசெய்தாள், கிளம்புகிறவள்போல.

"இருக்கு," என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். பாட்டைப் பதிவு செய்த அன்று ஒலிப்பதிவாளர் சோதனைக்காக எடுத்த இசைத்தட்டு. அவர் கையெழுத்திலேயே தேதி: 1955 செப்டம்பர் 9. குப்பையில் போட்டதை நான் பொறுக்கி ஒளித்து வைத்திருந்தேன். அங்கிருந்த ரெக்கார்டு பிளேயரில் அதை வைத்து ஊசியை இறக்கினேன்.

ஒஸெல்லாவின் பியானோ. முதல் வரி. இரண்டாவது. மூன்றாவதில் அந்த உச்ச சுரம், முழுசாக, மணிபோல். கர்னலின் சுருட்டு பாதி வழியில் நின்றது.

பிறகு ஒரு பெரிய 'டமால்'.

"அடப்பாவி லூஷியஸ்! வர்றதே லேட்டு, டிரம் பெட்டியை என் பியானோ மேலயா போடுவ? கட்டையை உடைச்சிட்டியேடா!"

"நான் போடல, தானா விழுந்துச்சு!" என் குரல், இருபத்தொரு வருடம் இளமையான பொய்.

கதவு திறக்கும் சத்தம். ஊரே வானொலியில் கேட்டுப் பழகிய மூன்றாவது குரல்: "ஏ பொண்ணு, நல்லாயிருக்கே! என்ன பாட்டு இது?"

இசைத்தட்டு வெறுமனே சுற்றியது. திருமதி ரஸ்க் 1954 காகிதத்தை விரல்நுனியால் தள்ளினார். கர்னலுக்குத் திடீரென்று வேறு வேலை நினைவுக்கு வந்தது.

பலகை திறந்த அன்று, தன் பெயருக்குக் கீழே உட்கார்ந்து ஒஸெல்லா அந்தச் சுரத்தை முழுசாக வாசித்தாள். முன்வரிசையில், பதினொரு இசைத்தட்டையும் மார்போடு அணைத்திருந்த ஒருவர் முகம் சுளித்தார்.

"மேடம், அந்த இடத்துல தப்பா வாசிச்சிட்டீங்க."

"என்னைக் கேக்காதப்பா," என்றாள் அவள். "உடைச்சவன் அதோ நிக்கிறான்."