ஐந்து விநாடிப் பார்வை

கிளாரிபெல் யாருடைய கண்ணை ஐந்து விநாடி பார்த்தாலும், அவருக்கு மூன்று நாளைக்கு அவளுடைய காது வந்துவிடும். முதலில் வந்தது அவள் அத்தை பெபாங்குக்கு. தன் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் அந்த எட்டு வயதுப் பெண்ணின் தாடையைப் பிடித்துத் தூக்கி, "பெரியவங்க பேசுனா கண்ணப் பாருடி, இன்டாய், எம் பொண்ணே!" என்றாள் அத்தை. அவளும் பார்த்தாள். உடனே அத்தைக்குக் குழல்விளக்கின் ரீங்காரமும், பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியின் முனகலும், மூன்று தெரு தள்ளி ஒரு சண்டைச்சேவல் கழுத்தைச் சொறிவதும் கேட்டன. விருந்தாளிகள் இசையோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்த வீடியோகே பெட்டியைப் பாதிப் பாட்டில் அணைக்கச் சொன்னாள். பிலிப்பைன்ஸ் தீவொன்றில் இருக்கும் எங்கள் சான் இசிட்ரோ ஊரில் அந்தப் பெட்டி பாதிப் பாட்டில் அணைந்தது அதுவே முதல் தடவை. ஊர் அதைத்தான் அதிசயமாகப் பேசிக்கொண்டது.

அதற்கு முன்பு இலோய்லோ நகரத்திலிருந்து ஒரு நிபுணர் கிளாரிபெலைச் சோதிக்க இரண்டு வருடம் வந்துபோனார். பிள்ளை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, உதட்டைக் குவித்துக் காட்டுகிறாள் என்று தன் பட்டியலில் சிவப்பு மையால் குறித்தார். எங்கள் ஊரில் பாதிரியார் முதல் மீன்காரி வரை எல்லோரும் உதட்டால்தான் வழி காட்டுவோம். நிபுணரும் தன் வண்டி நிற்கும் இடத்தை உதட்டால் காட்டிவிட்டுத்தான் கிளம்பிப் போனார்.

விருந்துக்குப் பிறகு வந்த உளவள ஆலோசகர் ஹெர்மினியா முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினார். தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கிளாரிபெல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊர் ஊராக ஆளேற்றும் ஜீப்னி வண்டிகள் போகும் தடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"எப்ப மேடம் சரியாவா?" என்று கேட்டாள் தாய் ரொவேனா.

"சரியாக என்னங்க இருக்கு? ஆட்டிசத்தோடதான் வளருவா, நல்லாவே வளருவா. நம்ம சத்தத்தத்தான் கொறைக்கணும்."

ரொவேனா விம்மி அழுதாள். பெற்ற பிள்ளைக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்டே வாய் ஓய்ந்தவள் அவள்.

பள்ளியில் சேர்க்காவிட்டால் இன்னொரு வருடமும் வீட்டோடுதான். ஹெர்மினியா அவளைக் கூட்டிப்போனபோது தலைமையாசிரியை சொலேடாட், "என் கண்ணப் பாக்காத பிள்ளைக்கு இங்க எடமில்ல" என்றார்.

"வேணாம் மேடம், நீங்க தாங்க மாட்டீங்க," என்றார் ஹெர்மினியா.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். எங்கிட்டயேவா?"

ஹெர்மினியா கிளாரிபெலிடம், "நீ பாக்கணும்னு இல்ல. போயிடலாமா?" என்று கேட்டார். எதிர் வகுப்பறைச் சுவரில் சாலைகளெல்லாம் வரைந்த பெரிய தீவுப் படம் தொங்கியது. கிளாரிபெல் அதை உதட்டால் காட்டினாள். பிறகு தானாகவே தலைமையாசிரியையின் பக்கம் திரும்பி, ஐந்து விநாடி பார்த்தாள். அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது.

சொலேடாட் மேசைக்கு அடியில் போய்விட்டார். மணி ஓய்ந்தும் வெளியே வரவில்லை. கிளாரிபெல் மின்விசிறியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில், அவரைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள்.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று காதைப் பொத்திக்கொண்டே கேட்டார் சொலேடாட்.

"எப்பவுமே."

திங்கட்கிழமை முதல் அந்தப் பள்ளியில் மணிக்குப் பதில் பச்சைக்கொடி. கிளாரிபெலுக்குத் தீவுப் படத்துக்கு அடியில் இடம். எங்கள் ஊரில் இப்போது யாரும் யாரையும் கண்ணைப் பார்க்கச் சொல்வதில்லை. அத்தை பெபாங் மட்டும் வீடியோகேயை விடவில்லை. கிளாரிபெல் தெருவில் வந்தால் ஒலியை அணைத்துவிட்டு உதட்டை மட்டும் அசைத்துப் பாடுகிறாள். முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.